பாசி அறிந்த கை

நம்புத்தாயின் கையை நாற்பது எந்திரங்களுக்கு மாட்டிவிட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எப்படிப் பதறினேன், எங்கெல்லாம் ஓடினேன் என்று படித்துவிட்டு யாரும் எனக்காக இரக்கப்பட்டுவிடக் கூடாது.

கை என்றால் வெட்டி எடுத்த கை இல்லை. உள்ளங்கையில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு, அரிசி அளவுக்குத் தோலில் ஒரு சுரண்டல், அவ்வளவுதான். அதை எங்கள் ஆய்வகத்தில் வளர்த்தால் பத்து நாளில் ஒரு மேசை விரிப்பு அளவுக்குத் தோல் கிடைத்துவிடும். உயிருள்ள தோல். அது வியர்க்கும், எண்ணெய் கசியும். கடலடியில் ஊர்ந்து பாசி பறிக்கும் எந்திரங்களின் விரல்களுக்கு அதைத்தான் உறையாக மாட்டினோம். எந்திரங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. பாறைத்திட்டு ஊரில் பாசி பறிக்கும் பெண்கள் அவற்றை நண்டு என்றார்கள்.

மாதிரி எடுக்கப் போன அன்று நம்புத்தாய் தன் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பாறையில் கை கிழியாமல் இருக்க எல்லாப் பெண்களும் அப்படித்தான் சுற்றுவார்கள். விரல் நுனியும் உள்ளங்கையும் மட்டும் வெளியே தெரியும். அவளுக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது, நாற்பத்திரண்டு.

"எந்திரத்துக்கு எதுக்கு டாக்டரம்மா எங்கையி? அதான் இரும்புல வெரலு வச்சிருக்கீகளே."

"இரும்பு பட்டா ஏதோ மீன் கடிக்குதுன்னு பாசி நெனச்சுக்குதும்மா. வளர்றத நிறுத்திடுது. இது நாலு வருஷமா உங்க கை பட்டுப் பட்டே வளர்ந்த ரகம். மனுஷக் கை கிள்ளினாத்தான் திரும்பத் தழைக்குது."

"செடிக்குக் கையி தெரியுமாக்கும்?"

"கையோட வாசம் தெரியும். உங்க தோல்ல இருந்து தண்ணில கலக்குற வாசம். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு. முப்பத்தெட்டு பேர்ல நீங்க பறிச்ச எடம்தான் சீக்கிரம் தழைக்குது. அதனால உங்க கையைத்தான் கேக்குறாங்க. யாருக்கும் சேதமில்ல."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். தாளில் படிக்காமலே பெருவிரல் வைத்தாள். பிறகு எதையோ யோசித்தவள்போல, "நாப்பதுக்கும் ஒரே கையவா மாட்டப் போறீக?" என்று கேட்டாள்.

"நல்ல கை இதுதானேம்மா."

"அது சரி. ஆனா நாங்க கையி மாத்துவம்ல."

கை மாற்றுவது என்றால் இதுதான். கடலுக்குள் இருக்கும் பாசிப் பாறைகளைப் பார் என்பார்கள். இந்த மாதம் ஒரு பாரில் நம்புத்தாய் பறித்தால் அடுத்த மாதம் அவள் அங்கே போக மாட்டாள். அவளோடு பாசி பறிக்கும் சகாயமோ வேறொருத்தியோ போவாள். ஒரே கை திரும்பத் திரும்பப் பட்டால் பார் கோபித்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் 'நம்பிக்கை' என்றும் எழுதினேன். முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மேல் அதில் எதுவும் தெரியவில்லை.

பத்து வாரம் கழித்து அவள் உள்ளங்கை கொப்பளித்தது. கம்பெனி மருத்துவர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு கொடுத்தார். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. விளைச்சல் கணிப்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பாசியின் சாறு கறுத்திருந்தது. ஏதோ நடக்கிறது, அது என் மேசைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை கடைசியில் அந்தச் சோதனையைச் செய்தேன். பார்களிலிருந்து எடுத்த பாசியைக் கண்ணாடிச் சாடிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் கை கழுவிய நீரை ஊற்றினேன். என் கை நீரில் பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. சகாயத்தின் கை நீரிலும் ஒன்றும் ஆகவில்லை. நம்புத்தாயின் கை நீரை ஊற்றியதும் பாசி சுருங்கி, கறுப்பாக எதையோ கக்கியது. சாடி முழுவதும் கலங்கிப்போயிற்று. அது என்ன என்று பார்த்தேன். நஞ்சு. தோலைக் கொப்பளிக்க வைக்கும், மூச்சுக்குழலை வீங்க வைக்கும் நஞ்சு.

நாற்பது நண்டுகள் ஒரே கையோடு ஓய்வில்லாமல் பறித்திருக்கின்றன. பாசி அந்தக் கையை எதிரியாக எழுதி வைத்துக்கொண்டுவிட்டது.

நல்லவேளை, நம்புத்தாய் இப்போது கடலுக்குப் போவதில்லை என்று ஒரு நிமிடம் ஆறுதல்பட்டேன். அடுத்த நிமிடம் உறைத்தது. அவளுக்குப் பதிலாகப் போவது யார்? மகள் காளீஸ்வரி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண். தோலின் வாசத்தில் பாதி தாயிடமிருந்து வருவது. மணி ஒன்பது ஆகியிருந்தது. படகு ஏழுக்கே போயிருக்கும்.

கடற்கரைக்கு ஓடினேன். நம்புத்தாய் கொட்டகையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"காளீஸ்வரி போயிருக்காளா?"

"போயிருக்கா. ஏன், என்னாச்சு?"

 என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டாள். சகாயத்தின் கைப்பேசிக்கு அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படகில் பிளாஸ்டிக் பைக்குள் அது கிடக்கும், பெண்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இருப்பார்கள். கம்பெனியின் விசைப்படகை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "வேகமா போகச் சொல்லுங்க" என்று மட்டும் நாலைந்து முறை சொன்னாள்.

பார் நெருங்கியதும் அவள் தண்ணீரில் தெரியும் தலைகளை எண்ணத் தொடங்கினாள். நானும் எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு பேர் போயிருந்தார்கள். மறுபடி எண்ணினேன், அப்போதும் பதினொன்றுதான். நம்புத்தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"இந்தா இருக்கா, இங்கிட்டு வாங்க" என்றது சகாயத்தின் குரல்.

பன்னிரண்டாவது தலை படகுக்குள் கிடந்தது. உதடும் கண்ணும் வீங்கி, முகம் யார் முகம் என்றே தெரியவில்லை. பெண்கள் படகைச் சுற்றித் தண்ணீரில் நின்றபடி அதை ஆடாமல் பிடித்திருந்தார்கள். மூச்சு விசில் அடித்தது. ஆய்வகத்திலிருந்து பையில் போட்டு வந்திருந்த, ஒவ்வாமைக்கான அவசர ஊசியை அவள் தொடையில் குத்தினேன். மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்துகொள்ளாத வேண்டுதல் இல்லை. மெல்ல நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. பிழைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே மேலாளர் ஜெயகரனின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. மருத்துவமனைக்குத் தானே காரில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பழம் வாங்கிக் கொடுத்திருந்தார். வில்லனாக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும்.

"பாவம், சின்னப் பொண்ணு" என்றார். "விளைச்சல் குறைஞ்சதும் இதனாலதானா, வசுமதி?"

"ஆமா சார். நஞ்சு சுரக்க ஆரம்பிச்சா பாசி வளர்றத விட்டுடும்."

"அப்போ வேற கை எடுத்துடுங்க. இன்னும் முப்பத்தேழு பேர் இருக்காங்களே."

"அந்தக் கைக்கும் இதே கதிதான் சார். இப்போ இன்னும் சீக்கிரம் நடக்கும். பாசி ஏற்கெனவே கோபமா இருக்கு."

"ஆச்சுன்னா அதுக்கு அடுத்தது. அதுக்குள்ள பாசியைத் திருத்த நீங்க ஒரு வழி கண்டுபிடிச்சுடுவீங்க."

"வழி இருக்கு. நண்டுகளை நிறுத்தணும். ஒன்றரை வருஷம் விட்டா, புதுசா முளைக்கிற பாசிக்கு அந்தக் கை ஞாபகம் இருக்காது."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, களைப்பாக. "ஒன்றரை வருஷம் நிறுத்துங்கன்னு மேல யார் போய்ச் சொல்றது? நம்புத்தாய்க்குக் கரையில ஒரு வேலை போட்டுடலாம். பொண்ணுக்கும்தான். கடல்ல இறங்கலைன்னா என்ன குடியா முழுகிடும்? திங்கட்கிழமைக்குள்ள புது மாதிரி வேணும்."

மறுநாள் நம்புத்தாயின் வீட்டுக்குப் போனபோது சகாயமும் அங்கே இருந்தாள். படகு ஓட்டுபவள், வாயாடி, எதற்கும் அஞ்சாதவள். நான் முடிவோடு போயிருந்தேன். ஏதோ தியாகம் செய்பவள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கையையே கொடுக்கப் போறேன்" என்றேன்.

நம்புத்தாய் தன் கைக்கட்டைக் காட்டினாள். "குடுத்து? ஒங்களுக்கும் கொப்பளிச்சுப் போகும். பெறகு இவ கைய எடுப்பாக. பெறகு இன்னொருத்தி. எல்லாம் பொம்பளைக கையிதான்."

"வேற என்னம்மா செய்யறது?"

"நான் ஒண்ணு கேக்குறேன் டாக்டரம்மா. பறிக்கிறது யாரு? நானா? நான் பாட்டுக்கு வீட்டுல கெடக்கேன். எங்கைய மாட்டிக்கிட்டு அவுகல்ல பறிக்கிறாக. பாசி என்னையில்ல கறுவுது. யாரு பறிக்கிறதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

சகாயம் பட்டென்று சொன்னாள்: "அப்ப அந்த மேனேசரு கைய எடுங்களேன்."

மூவரும் சிரித்துவிட்டோம். நம்புத்தாய் அந்தப் புண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.  உள்ளே காளீஸ்வரி தூக்கத்தில் இருமினாள்.

நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இரண்டாவது கையும் சில வாரங்களில் தோற்றுப்போனால், குறை கையில் இல்லை என்று தலைமையகத்துக்குப் புரிந்துவிடும். நண்டுகளை அவர்களே நிறுத்துவார்கள். ஜெயகரனோ இந்த நாலு வருடத்தில் ஒருநாளும் கடலில் கால் நனைத்தவர் இல்லை. மணல் ஒட்டும் என்று கொட்டகையைத் தாண்டி வரவே மாட்டார். ஆக, யாருக்கும் சேதமில்லை. இதே வார்த்தையைத்தான் நம்புத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொல்லியிருந்தேன் என்பது அப்போது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லிக்கொண்டேன், அவர்கள் இருவரிடமும் சொன்னேன். சரி என்றார்கள்.

ஊழியர் அனைவருக்கும் தோல் பரிசோதனை என்று ஒரு ஏற்பாடு செய்தேன். நடந்த விபத்துக்குப் பிறகு யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஜெயகரன் முதல் ஆளாக வந்து உள்ளங்கையை நீட்டினார். பூப்போன்ற கை. ஒரு காய்ப்பு கிடையாது.

"ஆயுள் ரேகை எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேலி செய்தார்.

"நல்லா இருக்கு சார்" என்றேன். அவரும் தாளைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார்.

புது உறை மாட்டிய நண்டுகள் கடலுக்குள் இறங்கின. அது யார் கை என்று அவர் கேட்கவே இல்லை. நான் தினமும் காலையில் சாடிகளில் சோதித்தேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் பாசி லேசாகச் சுருங்கியது. நாலாம் வாரம் அவர் கையின் வாசத்துக்கு, நம்புத்தாயின் வாசத்துக்குக் கக்கியதைவிடக் கூடுதலாகவே கக்கியது. விளைச்சல் பாதியாக விழுந்தது. எல்லாம் நினைத்தபடி நடந்தது. ஆனாலும் ஜெயகரன் அலுவலகத்தில் கை கழுவும் சத்தம் கேட்டால்கூட எனக்குத் திக்கென்றது.

தலைமையகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நிறுத்துவது பற்றிப் பேசத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கூடவே ஒரு புகைப்படக்காரர் வருவார் என்பது தெரியாது. கம்பெனியின் ஆண்டு மலருக்குப் படம் வேண்டுமாம்.

பகல் பதினொரு மணி இருக்கும். கரையோரம் முழங்கால் தண்ணீரிலேயே ஒரு சின்னப் பார் உண்டு. நண்டுகள் அதையும் விட்டுவைக்கவில்லை. புகைப்படக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "சார், கால்சட்டையை மடிச்சுக்கிட்டு அதுல இறங்கி, ஒரு கொத்து பாசியைக் கையில புடிச்சு நில்லுங்க. பிரமாதமா இருக்கும்."

ஜெயகரன் தயங்கினார். அதிகாரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

நான் இருபது அடி தூரத்தில் நின்றேன். கத்த வேண்டும் என்று தெரியும். வாயைத் திறந்தேன். ஏன் இறங்கக் கூடாது என்று கேட்பார்களே, சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட உண்டு என்று ஓர் எண்ணம் ஓடியது. அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. பாசி அவரைக் கண்டுகொள்ளட்டும் என்று எனக்குள் ஒருத்தி ஆசைப்பட்டாள். படகில் வீங்கிக் கிடந்த அந்தப் பெண்ணின் முகத்தை அவர் தன் உடம்பில் ஒரு தடவை உணரட்டும் என்று ஆசைப்பட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொட்டகையிலிருந்து நம்புத்தாய் எழுந்ததைப் பார்த்தேன்.

"சார், எறங்காதீக" என்றாள். கடற்காற்று எதிரில் அடித்தது. அவர் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். அவள் ஓடிவந்தாள். தண்ணீர் ஓரத்தில் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர் குனிந்து பாசியைத் தொடும் நேரத்தில் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் விழுந்தார்கள். பார் முழுவதும் கறுத்தது. எதிரி இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்ததுபோல அது உள்ளதையெல்லாம் கக்கியது. அவள் அவரைக் கரைப்பக்கம் தள்ளினாள், தள்ளிய வேகத்தில் தான் முகங்குப்புற உள்ளே விழுந்தாள்.

அப்போதுதான் என் கால் நகர்ந்தது. சகாயம் எனக்கு முன்பே ஓடிப்போய் அவளைத் தூக்கியிருந்தாள். பையிலிருந்த ஊசியை நம்புத்தாய்க்குப் போட்டேன். ஜெயகரனின் கணுக்காலும் வலது கையும் மட்டும் சிவந்து தடித்திருந்தன. மாத்திரையிலேயே அடங்கிவிட்டது.

அவள் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். நஞ்சு நுரையீரல்வரை போயிருந்தது. மூன்றாம் நாள் வராந்தாவில் ஜெயகரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பார்வை தன் உள்ளங்கையிலேயே இருந்தது.

"என் கையா?"

"ஆமா சார். தோல் பரிசோதனை அன்னைக்கு எடுத்தது."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சேர்ந்துதான் முடிவு பண்ணோம்."

"தெரிஞ்சுதான் தண்ணிக்குள்ள வந்தாங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் எழுந்து போனார். அடுத்த வாரம் நண்டுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மேலே என்ன எழுதி அனுப்பினார் என்று தெரியாது. என் பெயர் அதில் இல்லை. அது பெருந்தன்மையா, தன் கதை வெளியே தெரியக் கூடாது என்ற வெட்கமா என்றும் தெரியாது. நானே வேலையை விட்டுவிட்டேன்.

பார்களில் இப்போது நண்டுகள் இல்லை. எட்டு மாதம் ஆகிறது. மற்றப் பெண்கள் பழையபடி கை மாற்றிக் கொஞ்சமாகப் பறிக்கிறார்கள். காளீஸ்வரி இன்னும் பத்து மாதம் பொறுக்க வேண்டும். நம்புத்தாய் இனி முக்குளிக்க முடியாது. பாசி மறந்தாலும் அவள் நுரையீரல் தாங்காது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

ஒருநாள் கேட்டேன். "ஏம்மா எறங்கினீங்க? அவரு யாருன்னு தெரியும்ல?"

அவள் இதிலென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள மாட்டுனவுகள ஆளு பாத்தா இழுப்பாக? யாரா இருந்தாலும் இழுக்க வேண்டியதுதான். கடலுக்குப் போறவுக எல்லாம் அப்பிடித்தான் டாக்டரம்மா."

வாரம் இரண்டு முறையாவது அவள் வீட்டுக்குப் போகிறேன். மருந்து வாங்கிக் கொடுக்கிறேன், பேசிக்கொண்டிருக்கிறேன். அன்று கொட்டகையிலிருந்து ஓடிவரும்போது அவள் என்னைத் தாண்டித்தான் ஓடினாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவளைவிட நான் தண்ணீருக்குப் பத்தடி பக்கத்தில் நின்றிருந்தேன். ஏன் கூப்பிடவில்லை என்று இன்று கேட்டுவிடுவாள், இன்று கேட்டுவிடுவாள் என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் அவள் வாசலில் நுழைகிறேன். இதுவரை அவள் கேட்கவில்லை.